வெயிலுக்கு முன்னே தண்ணீர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பருவநிலை மாற்றம் கடலாமையை என்ன செய்யும் என்று கேட்டால், "மணல் சூடாகும், குஞ்செல்லாம் பெண்ணாகிவிடும்" என்பார்கள். சரிதான். ஆனால் தாழ்வான பவளத் தீவில் முட்டையை முதலில் கொல்வது பெரும்பாலும் வெயில் அல்ல, தண்ணீர்.

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 620 கிலோமீட்டரில் ரெய்ன் தீவு இருக்கிறது. நம் சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவைவிடச் சிறியது. உலகில் பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) மிக அதிகமாக முட்டையிடும் இடம் அதுதான். நல்ல பருவத்தில் 60,000க்கும் மேற்பட்ட பெண் ஆமைகள் அதைச் சுற்றிக் கூடும். இருந்தும் குஞ்சு பொரிப்பது குறைந்துகொண்டே வந்தது. காரணங்களில் முக்கியமானது, கடல் ஓதம் ஏறும்போது கூட்டின் அடியிலிருந்து ஊறி வரும் நீர்.

கரு மூச்சு விடுவது மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றை நம்பித்தான். அந்த இடைவெளியில் நீர் நிரம்பினால் மூச்சு முட்டும். ரெய்ன் தீவு முட்டைகளை உப்புநீரில் வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு மணி, மூன்று மணி நேரம் மூழ்கியவற்றில் இழப்பு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆறு மணி நேரம் மூழ்கியபோது சுமார் முப்பது விழுக்காடு போயிற்று. இதைக் கேட்டு மூன்று மணி நேரம் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முட்டை மண்ணில் கிடப்பது ஏறத்தாழ இரண்டு மாதம். அதற்குள், ஓதம் மிக உயரும் அமாவாசையும் பௌர்ணமியும் பல முறை வந்துபோகும்.

அங்கே செய்தது என்ன? புல்டோசரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய், 2014 முதல் சில கட்டங்களாகத் தீவின் மணலையே வாரிக் கரையை உயர்த்தினார்கள். பாறை விளிம்பில் தாய் ஆமைகள் கவிழ்ந்து வெயிலில் செத்ததால் அங்கே வேலியும் போட்டார்கள். இதில் கண்மூடித்தனமாக உயரம் கூட்டக் கூடாது. மேட்டு மணல் காய்ந்துவிட்டால் ஆமை தோண்டத் தோண்டக் குழி சரியும். அது முட்டையிடாமலே திரும்பிவிடும். ஆகவே முதலில் துளையிட்ட பிவிசி குழாய்களைக் கூட்டின் ஆழத்துக்கும் கீழே புதைத்து, உச்ச ஓதத்தில் நீர் எதுவரை ஏறுகிறது என்று ஒரு பருவமாவது அளக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் குருட்டு வேலை.

கரையை உயர்த்த வழியில்லாத இடத்தில் முட்டையை மாற்றலாம். முட்டையிட்ட இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. நேரம் போகப் போகக் கரு ஓட்டின் மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உருட்டினால் சவ்வு கிழிந்து இறக்கும். தாமதமாகிவிட்டால் மேல்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, குறி மேலேயே இருக்கும்படி எடுத்து வையுங்கள். புதுக் குழி பழைய ஆழத்திலேயே, கழுத்து குறுகி அடி அகன்று இருக்கட்டும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் விடுங்கள். போன பருவத்து மணலிலேயே மறுபடி புதைத்தால் பூஞ்சை தொற்றும்.

மணல் சூடாகாமலிருக்கக் கூட்டின்மேல் கட்டும் நிழல்வலையைப் பற்றிச் சுருக்கமாக. பேராமைக்கு ஏறத்தாழ 29 டிகிரியில் ஆணும் பெண்ணும் சரிபாதி. கூடினால் பெண், குறைந்தால் ஆண். பாலினம் முடிவாவது அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கில். முட்டை மட்டத்தில் வெப்பப் பதிவுக் கருவி இல்லாமல் வலை கட்டினால், எல்லாக் குஞ்சும் ஆணாகிவிடும் அபாயமும் உண்டு.

தாமதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்கே, டோரஸ் நீரிணையிலுள்ள பிராம்பிள் கே என்னும் குட்டித் தீவில் வாழ்ந்த மெலோமிஸ் எலிக்கு 2008இலேயே மீட்புத் திட்டம் எழுதப்பட்டது. 2004இல் 2.2 ஹெக்டேராக இருந்த செடிகொடிப் பரப்பு, கடல் ஏறி ஏறி, 2014 மார்ச்சில் 0.065 ஹெக்டேராகிவிட்டது. அந்த எலியை யாரும் கடைசியாகப் பார்த்தது 2009. அந்த இனம் அழிந்துவிட்டதாக 2019இல் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது.

நம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலும் அழுங்காமை முட்டையிடுகிறது. கண்டால் விலகி நின்று, டார்ச்சையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். கூட்டை நீங்களே தோண்ட வேண்டாம். குஞ்சுகள் வெளிவந்தால் படமெடுப்பதற்காக விடியும்வரை வாளியில் வைத்திருக்கவும் வேண்டாம்: கடலில் முதல் நாள் நீந்துவதற்கென்று வைத்திருக்கும் சக்தியை அவை வாளிச் சுவரை முட்டியே தீர்த்துவிடும்.