வில்லன் இல்லாத வள்ளி திருமணம்

நேயர்களுக்கு வணக்கம். தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில் அம்மன் கோயில் திருவிழா என்றால், இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகமும் நினைவுக்கு வரும். அவற்றுள் ஊரார் விரும்பிக் கேட்பது, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்குத் தந்த 'வள்ளி திருமணம்'. சிரிப்பும் சிருங்காரமுமாக நடந்து மாலை மாற்றுவதில் முடியும் அந்நாடகத்தில் வில்லன் யார்?

அரிச்சந்திர நாடகத்தில் விசுவாமித்திரர் வெளிப்படையாகவே எதிர்த்து நிற்கிறார். இங்கோ அப்படி ஒருவரும் இல்லை. நம்பிராஜன் பெண்ணைப் பறிகொடுத்த தகப்பன். அண்ணன்மாரின் கோபம் தங்கைமீதுள்ள பாசத்தால் வருவது. ஆகவே கதையைக் கிளறிவிடும் வேலை நாரதருக்கு வந்து சேர்கிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவுதான் மேடையில் சந்திக்கிறார்கள் என்பதால், நாரதர் அடுத்து என்ன கேட்பார் என்பது வள்ளியாக நிற்பவருக்கே தெரியாது. இருவரும் நடத்தும் சொற்போரான தர்க்கத்தில் சபை நிமிர்ந்து உட்காருவது அதனால்தான்.

நாரதர் விலகியதும் நாயகன் முருகனே வேடன் உருவில் தடையாக வருகிறான். தப்பி ஓடிய மானைத் தேடி வந்தேன் என்கிறான் வேடன். பரணாகப் போட்ட பெஞ்சின்மேல் நிற்கும் வள்ளி, குருவிக்கு ஓங்கிய கவணை அவன் பக்கம் திருப்புகிறாள். அதுவரை கடற்காற்றில் கண்ணயர்ந்திருந்த தாய்மார்கள் மடிப்பிள்ளையோடு எழுந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் மறுப்பு உறுதியாக இருந்தால்தான் முருகனுக்குக் கிழவேடமும், அவளை மிரட்ட யானையும் தேவைப்படுகின்றன. எளிதில் இணங்கும் வள்ளியால் நாடகம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

இன்று சில மேடைகளில் தர்க்கம், நடிகையின் சொந்த வாழ்க்கையைக் குத்திக்காட்டும் வசையாகச் சரிவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. கைதட்டல் கிடைக்கலாம், ஆனால் அங்கே மறுத்துப் பேசுபவள் தினைப்புனத்து வள்ளி அல்லள், அவமானப்பட்ட ஒரு கலைஞர்.

இன்னொரு குறை, விடியும் நேரத்து அவசரம். கந்தபுராணத்தில், முருகனின் சேவல் கூவ நம்பியும் மக்களும் மாண்டு விழுகின்றனர். பின்னர் முருகன் சொல்ல வள்ளியே அவர்களை எழுப்புகிறாள். மணத்துக்குக் குறுக்கே நின்ற உறவு மணப்பெண்ணின் கையாலேயே உயிர்பெறும் அந்த இடத்தை விட்டுவிட்டு மங்களம் பாடிவிடுகிறார்கள். விழாக் குழுவினர் பபூன் காட்சியில் கால்மணி நேரத்தைக் குறைத்து, அதை நம்பிராஜனுக்குக் கொடுக்க வேண்டுகிறேன்.