அந்த மலை யாருடைய நினைவு?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கவென்று நேரத்தோடு வந்துவிட்ட சபையோருக்கும் வணக்கம்.

பழைய புத்தகங்களில் உள்ள கிராமத்துப் படங்கள் இன்றும் நம்மை இழுப்பதற்குக் காரணம் நமது ஊர் நினைவா, வரைந்தவரின் கையா? இதுதான் தலைப்பு. நினைவுதான் என்று எனக்கு முன் பேசிய நண்பர் உருகி உருகிப் பேசினார். துலா, சங்கடப்படலை, கிடுகு வேலி, ஒடியற் கூழ் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூழ் வந்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அது பசியாகவும் இருக்கலாம்.

நான் கேட்பது சின்னக் கேள்வி. இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை மலை இருக்கிறது? கீரிமலை என்று யாரும் கை தூக்க வேண்டாம், அங்கே இருப்பது கேணி. சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம் இது. ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "கிராமம் ஒன்று கீறு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, கரையில் தென்னை! இது அப்பாவின் நினைவா, அப்பப்பாவின் நினைவா? இரண்டுமில்லை. எவரோ புத்தகத்துக்குக் கீறியது. நாம் ஒருநாளும் இருந்திராத ஊரை நமக்குச் சொந்தமாக்கியது அந்தக் கைதான்.

அந்தக் கை எப்படி வேலை செய்தது என்று எதிரணி ஒரு வசனமாவது பேசியதா? நான் பேசுகிறேன். அன்றைய அச்சில் கோட்டுப் படத்துக்குச் சாம்பல் நிறம் கிடையாது. மை பட்டால் கறுப்பு, படாவிட்டால் வெள்ளை. ஓவியர் மட்டையில் கறுப்பு மையால் கொஞ்சம் பெரிதாகவே வரைவார். அதைக் கமராவில் பிடித்து, சிறிதாக்கி, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கோடில்லாத இடங்களை அமிலத்தில் அரிக்க விடுவார்கள். பிறகு தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து, எழுத்தோடு எழுத்தாகப் பூட்டி அடிப்பார்கள். அதுதான் புளொக். கோடுகள் அளவுக்கு மிஞ்சி நெருங்கினால் மலிவுத் தாளில் மை ஊறி எல்லாம் ஒரே அப்பலாகிவிடும். எதை வரையாமல் விடுவது என்று தெரியாதவருக்கு அங்கே வேலையில்லை.

பழைய வாசிப்புப் புத்தகமொன்றில் பார்த்த இறைப்புப் படத்தைச் சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நீண்ட மரமான துலா, பக்கத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சரிவாகக் கிடக்கிறது. அதன் மேல் ஒருவர் மிதிக்கிறார். அவருடைய பாதத்துக்கு மூன்று கோடு, அவ்வளவுதான். கீழே தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பவருக்கு முகமே இல்லை, குனிந்த முதுகு மட்டும். வானம் வெறும் தாள். ஆனால் பட்டையிலிருந்து சிந்தும் தண்ணீருக்கு அந்த மனிதர் ஏழெட்டுப் புள்ளி வைத்திருக்கிறார் பாருங்கள், அதைக் கண்டதும் செம்மண் வாய்க்காலில் கால் வைக்கத் தோன்றுகிறது. பம்பில் தண்ணீர் இறைத்துப் பழகிய பொடியனும் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் நிற்கிறான். அவனுக்குத் துலாவைப் பற்றி என்ன நினைவு இருக்கும்?

இன்னும் தூரம் போவோம். இங்கிலாந்தில் தோமஸ் பியூவிக் என்று ஒரு மரச்செதுக்கர். 1753இல் பிறந்தவர். பொக்ஸ்வுட் என்ற இறுகிய மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் உளியால் செதுக்கிப் பறவை நூல்களுக்குப் படம் போட்டவர். அதிகாரம் முடிந்து மிஞ்சும் இடத்தில் தம் நாட்டுப்புறத்துக் காட்சி ஒன்றைச் சின்னதாக வைத்துவிடுவார். எல்லாம் அழகுக் காட்சியென்று நினைக்க வேண்டாம். பிச்சைக்காரர் வருவார், தூரத்தில் தூக்குமரமும் நிற்கும். அந்த ஊர்ப் பனியும் குளிரும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. இதற்கும் என் அம்மம்மா வீட்டு முற்றம்தான் காரணமா, நடுவர் ஐயா?

அப்புறம், "நமது நினைவு" என்று எதிரணி சொன்னதே, யாருடைய நினைவு? படத்தில் இருக்கிற கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாதென்று சாதியின் பெயரால் தள்ளி நிறுத்தப்பட்டவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்கே போராட வேண்டியிருந்தது. அவர்களின் பேத்தி ஒருத்தி இன்று அந்தப் படத்தைப் பார்த்து "வடிவாய்க் கீறியிருக்கு" என்றால், அது உன் இனிய நினைவு பிள்ளை என்று அவளுக்குச் சொல்வீர்களா? அவள் பார்ப்பது வரைந்தவரின் கோடுகளை. படத்தில் யார் இல்லை என்பதையும் அவளே முதலில் கண்டுபிடிப்பாள். ஏக்கத்தோடு பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது.

நண்பர் 1981இல் எரிந்த நமது யாழ்ப்பாண நூலகத்தைச் சொன்னார். ஏறத்தாழ 97,000 நூல்கள். அதை நான் எதிர்த்துப் பேச மாட்டேன், எந்த அணியில் இருந்தாலும் பேச மாட்டேன். ஆனால் அது இழப்பின் வலி. அதைக் கொண்டுவந்து இந்தத் தலைப்புக்குச் சாட்சியாக நிறுத்துவது சரியில்லை.

மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன். நினைவுதான் காரணமென்றால் புகைப்படம் அல்லவா வென்றிருக்க வேண்டும்? ஊரை உள்ளபடி காட்டுவது அதுதானே. இந்த விழாவின் அழைப்பிதழைத் தயாரித்த குழுவில் எதிரணித் தலைவரும் இருந்தார். அட்டைக்கென்று இதே ஊர்க் கிணற்றின் வர்ணப் புகைப்படம் ஒன்றும், பழைய கோட்டுப் படம் ஒன்றும் மேசையில் கிடந்தன. அவர் எதைத் தெரிந்தெடுத்தார் என்பது உங்கள் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. ஏன் என்று அடுத்து வந்து அவரே சொல்லட்டும்.