ஓடுபாதையில் பட்டம்: பெர்லின் மக்கள் எழுதிய பூங்காச் சட்டம்

(காட்சி: அகலமான தார் ஓடுபாதை. சக்கரப் பலகையில் நின்றபடி, பெரிய பட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விர்ரென்று போகிறார்.)

நீங்கள் பார்ப்பது இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள விமான ஓடுபாதை. விமானம் எதுவும் வராது, பயப்பட வேண்டாம். 2008 அக்டோபர் 30-ஆம் தேதியோடு அது நின்றுவிட்டது. இப்போது வருகிறவர்கள் பட்டம் விடுகிறவர்களும் சைக்கிள் பழகுகிற பிள்ளைகளும்தான்.

இடம், ஜெர்மனியின் தலைநகர் பெர்லின். பெயர் டெம்பெல்ஹோஃபர் ஃபெல்ட். பரப்பு சுமார் 300 ஹெக்டேர், அதாவது 740 ஏக்கர். ஊருக்கு நடுவில் இவ்வளவு காலி இடம் கிடந்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. 2010 மே மாதம் வேலிக்கதவைத் திறந்து மக்களை உள்ளே விட்டார்கள். அப்புறம் ஒரு திட்டம் வந்தது. ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள், அலுவலகங்கள், ஒரு பெரிய நூலகம். நடுவில் ஏறக்குறைய 230 ஹெக்டேர் அப்படியே திறந்தவெளியாக இருக்கும் என்றார்கள். வாடகை ஏறிக்கொண்டே போகிற ஊரில் இதைத் தவறான யோசனை என்று உடனே சொல்லிவிட முடியாது.

ஆனால் மக்கள் நம்பவில்லை. அதே சமயத்தில் பெர்லினின் புது விமான நிலையம் 2012-இல் திறக்கப்போவதாக அறிவித்துவிட்டு, இழுத்துக்கொண்டே போனது, திறந்தது 2020-இல். ஓரத்தில் கட்டுகிறேன் என்பவர்கள் ஓரத்தோடு நிற்பார்களா, வீடுகளின் வாடகை யாருக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்விகளுக்குத் திருப்தியான பதில் வரவில்லை.

சரி, இப்படி ஒரு நிலைமையில் பொதுமக்கள் என்ன செய்வார்கள்? மனு கொடுப்பார்கள். மனு கொடுத்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 2011-இல் தொடங்கிய ‘100 சதவீதம் டெம்பெல்ஹோஃபர் ஃபெல்ட்’ என்ற மக்கள் குழு மனு எழுதவில்லை. சட்ட வரைவையே எழுதியது.

பெர்லின் நகரம் மட்டுமல்ல, ஒரு மாநிலமும்கூட. அதன் அரசியலமைப்பில் இதற்கு வழி இருக்கிறது. முதலில் 20,000 கையெழுத்து. அடுத்த கட்டத்தில், நான்கே மாதத்துக்குள், வாக்காளர்களில் 7 சதவீதம் பேரின் கையெழுத்து. அதாவது சுமார் 1,74,000. குளிர்காலத்தில் தெருத்தெருவாக நின்று வாங்கினார்கள். 2014 ஜனவரியில் எண்ணிப் பார்த்தபோது, செல்லுபடியானவை மட்டும் 1,85,000-க்கு மேல் இருந்தன. அதன்பிறகு பொது வாக்கெடுப்பு. அதில் ‘ஆம்’ ஜெயித்தால் மட்டும் போதாது. அந்த ‘ஆம்’ மொத்த வாக்காளர்களில் கால்வாசியாவது இருக்க வேண்டும்.

இந்தக் கால்வாசி விதியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இதே இடத்துக்காக 2008 ஏப்ரலிலும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது, விமான நிலையத்தை மூடக்கூடாது என்று. வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். ஆனால் அது மொத்த வாக்காளர்களில் 22 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தோற்றது. ஜெயித்திருந்தாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்புதான்.

2014 மே 25. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அன்றுதான். கூட்டத்துக்குக் குறைவில்லை. மக்கள் எழுதிய சட்டத்துக்கு ஆதரவாக 64.3 சதவீதம், சுமார் 7,38,000 வாக்குகள். அரசுத் தரப்பின் மாற்று வரைவும் அதே வாக்கெடுப்பில் இருந்தது, எடுபடவில்லை. இந்த முறை கிடைத்தது கோரிக்கைக்கு ஆதரவு அல்ல, அமலுக்கு வந்த சட்டம்.

(காட்சி: புல்வெளி. ஓரமாகக் கட்டிய கயிறு. தூரத்தில் ஒரு பறவையின் பாட்டு.)

என்னைக் கேட்டால், சுவாரசியமான பகுதி இதற்குப் பிறகுதான். ‘கட்டாதே’ என்று ஒரே குரலில் சொல்லிவிடலாம். பெஞ்சு எங்கே, கழிப்பறை எங்கே, நாய்களை எங்கே அவிழ்த்துவிடுவது என்றால் ஆளுக்கொரு பேச்சு. நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்த வெட்டவெளி காய்ந்துவிடும், மரம் வேண்டும். ஆனால் இங்கே வானம்பாடி தரையில் கூடு கட்டுகிறது. உயரமான எதுவும் பக்கத்தில் இருந்தால் அந்தப் பறவை ஒதுங்கிவிடும். அதனால் நடுப் புல்வெளியைத் தொடாமல் விட்டு, மரமும் பெஞ்சும் வெளிவட்டத்தில் மட்டும் என்று சட்டம் பிரிக்கிறது. கூடு கட்டும் மாதங்களில் புல்வெளியின் சில பகுதிகளுக்குள் யாரும் போகக்கூடாது. பராமரிப்புத் திட்டம் என்ற ஒன்றை அதிகாரிகளும் மக்களும் கூடிப் பேசி முடிக்க 2016 ஆகிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. வாக்களித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வீடு இருந்தது. வேலை தேடி அடுத்த வருடம் பெர்லினுக்கு வரப்போகிறவருக்கு அன்று வாக்குச்சீட்டு இல்லை. நான் திறந்தவெளியின் பக்கம்தான். ஆனாலும் இந்த வாதத்தை என்னால் தட்டிவிட முடியவில்லை.

மக்கள் போட்ட சட்டம் என்பதால் கல்வெட்டாகிவிடாது. சட்டசபை திருத்தலாம். 2016-இல் திருத்தியது, அகதிகளுக்குத் தற்காலிகத் தங்குமிடம் அமைக்க ஓரங்களைத் திறந்துவிட்டது. அதற்கு ஒரு நெருக்கடிக் காரணம் இருந்தது. 2023-இல் வந்த புதிய கூட்டணி அரசு, ஓரங்களில் வீடு என்ற பழைய பேச்சையே மறுபடி எடுத்தது. 2024-இல் குலுக்கல் முறையில் சில நூறு பேரைத் தேர்ந்தெடுத்து, உட்காரவைத்துக் கருத்துக் கேட்டது. கட்ட வேண்டாம் என்பதே பெரும்பாலோர் சொன்னது. அதே ஆண்டில், இந்த வெளியை என்ன செய்யலாம் என்று கட்டடக் கலைஞர்களுக்கு யோசனைப் போட்டியையும் அரசு அறிவித்தது.