கறியும் குடலும்: எந்த வகை, எவ்வளவு, எப்படிச் சமைத்தது

நேயர்களுக்கு வணக்கம்.

2015 அக்டோபரில், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு முடிவை அறிவித்தது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்கள் 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிப் பார்த்திருந்தார்கள். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதை முதல் பிரிவில் வைத்தார்கள். சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று இன்னும் முழுமையாகவில்லை என்று 2ஏ பிரிவில் வைத்தார்கள். முதல் பிரிவில் புகையிலையும் இருப்பதால், பேக்கன் என்ற உப்பிட்ட பன்றிக்கறியைத் தின்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றுதான் என்று செய்தி பரவிவிட்டது.

அது தவறான புரிதல். சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் பிரிவுகள் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவை சொல்வதில்லை. அதே முகமை எடுத்துக்காட்டிய உலகளாவிய மதிப்பீட்டின்படி, பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் ஆண்டுக்குச் சுமார் 34,000 பேர் புற்றுநோயில் இறக்கிறார்கள். புகையிலையால் வரும் புற்றுநோயில் இறப்பவர்கள் சுமார் 10 லட்சம்.

தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அந்த அறிவிப்பில் வந்த எண். நூற்றில் 18 பேருக்கு நோய் வரும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. பிரிட்டனில் 40 முதல் 69 வயது வரையுள்ள சுமார் 4,75,000 பேரைக் கண்காணித்து 2019-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சேர்த்து நாளுக்கு 21 கிராம் சாப்பிட்டவர்களில், 10,000 பேரில் 40 பேருக்கு ஆய்வுக் காலத்தில் குடல் புற்றுநோய் வந்தது. நாளுக்கு 76 கிராம் சாப்பிட்டவர்களில் 48 பேருக்கு வந்தது. சராசரியாக 6 ஆண்டுகூட நிறையாத காலத்தில் 10,000 பேருக்கு 8 பேர் கூடுதல். தனி ஒருவருக்கு இது சிறிய வித்தியாசம்தான். ஒரு நாடே தினமும் இப்படிச் சாப்பிடும்போது சிறிதாக இருப்பதில்லை. பிரிட்டனில் வரும் குடல் புற்றுநோய்களில் சுமார் 13 சதவீதத்துக்குப் பதப்படுத்திய இறைச்சியே காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சிவப்பு இறைச்சி என்றால் மாடு, பன்றி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளாடு, செம்மறியாடு எல்லாமே சிவப்பு இறைச்சிதான். கோழியும் மீனும் இதில் சேராது. உப்பு, புகை, நொதித்தல், வேதிப்பொருள் இவற்றால் நாள்பட வைத்துக்கொள்ளவோ சுவை கூட்டவோ மாற்றிய கறி எல்லாம் பதப்படுத்தியது: சாசேஜ், ஹாம், பேக்கன், சலாமி. நம் வீடுகளில் ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டமும் இந்த வரையறைக்குள் வருகிறது. கடையில் கண்முன்னே அரைத்துத் தரும் கொத்துக்கறி வராது.

இனி, குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். கறிக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீம் என்ற இரும்புக் கூறு. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் ஷீலா பிங்ஹாம் குழுவினர் தன்னார்வலர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, அளந்து உணவு கொடுத்து, மலத்தைப் பரிசோதித்தார்கள். நாளுக்கு 60 கிராமாக இருந்த சிவப்பு இறைச்சியை 420 கிராமாக உயர்த்தியபோது மலத்தில் என்-நைட்ரசோ சேர்மங்கள் பெருகின. அதே அளவு புரதத்தைத் தாவர உணவாகக் கொடுத்தபோது பெருகவில்லை. கறியைக் குறைத்து ஹீமை மட்டும் தனியே சேர்த்தபோது மறுபடி பெருகின. சாதாரண இரும்புச் சத்தைச் சேர்த்தபோது பெருகவில்லை. ஆகவே கீரையில் உள்ள இரும்பையோ ரத்தசோகைக்கான இரும்பு மாத்திரையையோ இந்தக் கணக்கில் சேர்த்துப் பயப்படத் தேவையில்லை.

இந்தச் சேர்மங்கள் குடல் செல்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு எழுத்துப்பிழைகளை உண்டாக்குகின்றன. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, 900 குடல் புற்றுநோயாளிகளின் கட்டிகளில் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் சிவப்பு இறைச்சியை அதிகம் சாப்பிட்டவர்களின் கட்டிகளில் இந்த வகைச் சேதத்தின் தடயம் கூடுதலாக இருந்தது.

ஹீம் செய்யும் வேலை அத்துடன் முடியவில்லை. அது குடலில் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்து நச்சு ஆல்டிஹைடுகளைப் பிறப்பிக்கிறது. பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இதில் கண்டது என்னைக் கவலைப்பட வைக்கிறது. நலமான செல்கள் அந்த நச்சில் மடிகின்றன. ஏபிசி என்ற காவல் மரபணு ஏற்கெனவே பழுதான செல்களோ தாங்கி நிற்கின்றன. பயிரைக் கருக்கிக் களையை விட்டுவைக்கும் மருந்தைப் போல.

பதப்படுத்திய இறைச்சியில் இதற்கு மேல் நைட்ரைட்டும் சேர்கிறது. கொடிய நச்சை உண்டாக்கும் பாட்யூலிசக் கிருமியைத் தடுக்கவும், கறியின் இளஞ்சிவப்பு நிறம் போகாதிருக்கவும் அதைப் போடுகிறார்கள். கறியிலேயே ஹீம், கூடவே நைட்ரைட் என்றால் நைட்ரசோ சேர்மங்கள் உருவாக எல்லாம் கைவசம் இருக்கிறது. இத்தாலியின் பார்மா ஹாம் 1993 முதல் வெறும் கடலுப்பால் மட்டுமே பதப்படுத்தப்படுகிறது. அதிலும் ஹீம் இருக்கத்தான் செய்கிறது என்றாலும், நைட்ரைட் இல்லாமலும் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான எண்ணில் ஐ.என்.எஸ். 250 என்றால் சோடியம் நைட்ரைட், 251 என்றால் சோடியம் நைட்ரேட். சிக்கன் சாசேஜ், சிக்கன் சலாமி என்றாலும் பாருங்கள். இயற்கையானது என்று சொல்லி செலரிச் சாறு சேர்த்திருந்தால் அதிலிருந்தும் நைட்ரைட்தான் வருகிறது.

சமைக்கும் முறையும் கணக்கில் வரும். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, தசையிலுள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சேர்ந்து ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் என்ற புற்றுநோய்க் காரணிகள் உருவாகின்றன. தணலில் சுடும்போது கொழுப்பு சொட்டி எழும் புகை வேறொரு வகை நச்சைக் கறியின் மேல் படியவிடுகிறது. குழம்பு 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது, பிரஷர் குக்கர் 120-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே இந்தத் தொல்லை குழம்பில் மிகக் குறைவு. சுக்கா வேண்டுமென்றால் கறியை முதலில் குக்கரில் வேகவைத்து, கடைசியில் சில நிமிடம் மட்டும் மிதமான தீயில் புரட்டுங்கள். சுடுவதானால் அடிக்கடி திருப்பிப் போட்டு, கருகிய இடத்தை வெட்டி எறியுங்கள். ஆனால் எப்படிச் சமைத்தாலும் ஹீம் போய்விடாது. ஆட்டு ரத்தப் பொரியல் ஹீம் மிகுந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவுக்கு வருவோம். சிவப்பு இறைச்சி வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம் வரை போதும், பதப்படுத்தியது இருந்தால் மிகச் சொற்பமாக இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் பரிந்துரை. பச்சைக் கறியாகப் பார்த்தால் எலும்பில்லாமல் 500 முதல் 700 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுக்கிறோம். எலும்பு கால் பங்கு போக, வெந்து சுருங்கிய பின் ஆளுக்கு 130 கிராம் அளவில்தான் வரும். அந்த ஒரு வேளையை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் ரொட்டிக்குள் சாசேஜ், மாலையில் பீட்சா மேல் சலாமி என்று பிள்ளைகளுக்கு அன்றாடப் பழக்கமாவதுதான் என் கவலை.

2019-இல் ஒரு மருத்துவ இதழில், பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை என்று ஒரு குழு எழுதிப் பெரிய விவாதம் எழுந்தது. அவர்கள் கண்ட எண்களும் ஏறக்குறைய இதே திசையில்தான் இருந்தன. மக்களைக் கண்காணித்துச் சேர்த்த சான்று வலுவற்றது என்பதே அவர்கள் வாதம். குடலில் ஒரு சிறு கட்டி புற்றாக மாற 10 ஆண்டு வரைகூட ஆகலாம். அத்தனை காலம் ஒரு சாராருக்குக் கறியை அளந்து கொடுத்துச் சோதிக்க எவராலும் முடியாது. குடலுக்குள் நடப்பதும் மக்கள் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், நான் குறைப்பதன் பக்கமே நிற்கிறேன்.

தட்டில் கறியோடு வேறு என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கால்சியம் ஹீமைப் பிடித்துக்கொள்ளும். 2025-இல் வெளியான, 5,42,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட பிரிட்டன் ஆய்வில், நாளுக்குக் கூடுதலாக 300 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. அது ஒரு பெரிய தம்ளர் பால் அளவு. தயிரும் கேழ்வரகும் கால்சியம் தருபவை. கேழ்வரகும் பருப்பும் தீட்டாத தானியமும் நார்ச்சத்தும் தருபவை. மதுவோ அதே ஆய்வில் வாய்ப்பைக் கூட்டியது.

கடைசியாக ஒன்று. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நாமே முடிவு கட்டி மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்ப்பது நம்மிடம் அதிகம். மூலம் உள்ளவருக்கும் குடல் கட்டி இருக்கலாம். சில வாரங்களாக மலப்போக்கு மாறியிருந்தாலோ காரணமின்றி எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை எளிது. தேவைப்பட்டால் குழாய் வழியே குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்து, கட்டி புற்றாகும் முன்பே அப்போதே அகற்றிவிடலாம். 50 வயதைத் தாண்டிய ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்று தெரிந்தால், மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், ரத்தம் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வணக்கம்.