செஃப் சம்பளத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் சமைக்கிறவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரெஸ்டாரன்ட்களுக்குக் கணக்கு எழுதுகிறவன், வாராவாரம் சம்பளப் பட்டியல் போடுகிறவன். எந்த ரசத்தில் உப்பு கூட என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், எக்சிக்யூட்டிவ் செஃப், அதாவது சமையலறைக்கே தலைவர், ஆனால் அங்கே எவ்வளவு வரும் என்று பேசச் சொன்னார்கள். சரி, எண்ணையே முதலில் போட்டுவிடலாம்.

அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணக்குப்படி, 2024 மே மாத நிலவரத்தில், செஃப்களும் தலைமைச் சமையல்காரர்களும் வாங்கும் ஆண்டுச் சம்பளத்தின் நடுப்புள்ளி 60,990 டாலர். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. எக்சிக்யூட்டிவ் செஃப்புக்கு என்று அதில் தனி எண் கிடையாது. பெரிய ஹோட்டல், கிளப் என்று போனால் லட்சம் டாலரைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இப்போதே பாதிப் பேர் மனசுக்குள் ரூபாயில் பெருக்க ஆரம்பித்திருப்பீர்கள். வேண்டாம், வாடகையும் அங்கே டாலரில்தான்.

பெருக்குவதை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள். 60,990-ஐ 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 1,173 டாலர். செஃப் வாரத்துக்கு 60 மணி நேரம் நிற்கிறார் என்று வையுங்கள், இது ஒன்றும் அதிகப்படியான ஊகம் இல்லை, மணிக்கு 19 டாலர் 55 சென்ட் வருகிறது. அவருக்குக் கீழே கிரில் ஸ்டேஷனில் நிற்கும் லைன் குக் மணிக்கு 20 டாலர் வாங்குகிறார் என்று வைத்தால், அவருக்கு 40 மணிக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தர வேண்டும், அது கூட்டாட்சிச் சட்டம். அதே 60 மணி அவரும் நின்றால் 800-ம் 600-ம் சேர்ந்து வாரத்துக்கு 1,400. ஆண்டுக்கு 72,800. ஆர்டர் கொடுக்கிறவரை விட ஆர்டர் வாங்குகிறவருக்கு அதிகம்!

நிஜத்தில் லைன் குக்குக்கு அந்த 60 மணி கிடைக்காது. முதலாளி விடமாட்டார். 40-ஐ நெருங்கும்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அப்போது அந்த ஸ்டேஷனில் யார் நிற்பது? வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருத்தர் உடம்பு சரியில்லை என்று போன் பண்ணினால் யார் ஏப்ரன் கட்டுவது? செஃப்தான். ஏனென்றால் மாசச் சம்பளக்காரர், அவருடைய கூடுதல் மணிக்கு விலையே கிடையாது. நிர்வாகப் பொறுப்பில் இருந்து, வாரத்துக்கு 684 டாலருக்குக் குறையாமல் சம்பளம் வாங்கினால் ஓவர்டைம் தரத் தேவையில்லை என்பது விதி. இந்த வரம்பை 2024-ல் உயர்த்தினார்கள், அதே ஆண்டு நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்துவிட்டது, பழைய எண்ணே திரும்ப வந்தது. சில மாநிலங்களில் கதை வேறு. கலிபோர்னியாவில் 2025-ல் அந்த வரம்பு ஆண்டுக்கு 68,640 டாலர். அதற்குக் கீழே சம்பளம் பேசினால் ஓவர்டைம் தந்தே ஆக வேண்டும்.

அப்புறம் டிப்ஸ். 2018-ல் சட்டம் மாறியது. பரிமாறுகிறவர்களுக்கு முழுக் குறைந்தபட்சக் கூலி தருகிற கடையில், டிப்ஸைச் சமையலறை ஆட்களோடும் பங்கு போடலாம் என்று வந்தது. பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூடப் பங்கு உண்டு, ஆனால் மேலாளரும் மேற்பார்வையாளரும் அதில் கை வைக்கக் கூடாது. எக்சிக்யூட்டிவ் செஃப் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். மாநிலச் சட்டம் இன்னும் இறுக்கமாக இருக்கும் இடங்களும் உண்டு. நியூயார்க்கில் சமையலறைக்கு டிப்ஸில் பங்கே கிடையாது. நியூயார்க் ரெஸ்டாரன்ட் முதலாளி டேனி மேயர் 2015-ல் தன் ரெஸ்டாரன்ட்களில் டிப்ஸையே எடுத்துவிட்டு விலையை ஏற்றிப் பார்த்தார், சமையலறைக் கூலியை உயர்த்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2020-ல் டிப்ஸ் திரும்பி வந்துவிட்டது. நல்ல முயற்சி, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

போனஸுக்கு வருகிறேன். பெரும்பாலும் அது ஃபுட் காஸ்டோடு, அதாவது விற்கிற விலையில் சமையல் பொருள் செலவு எத்தனை சதவீதம் என்பதோடு, கட்டப்பட்டிருக்கும். 30 டாலர் தட்டில் மீன் மட்டும் 9 டாலர் என்றால் 30 சதவீதம். ஆறு அவுன்ஸ் வெட்ட வேண்டிய துண்டை, கையளவு தெரியாத புதுப் பையன் ஏழு அவுன்ஸாக வெட்டினால் மீன் 10 டாலர் 50 சென்ட், அதாவது 35 சதவீதம். போனஸ் அங்கேயே போச்சு. மாசக் கடைசி ராத்திரி கடை மூடின பிறகு செஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் நின்று வெண்ணெய்ப் பெட்டி எத்தனை, க்ரீம் எத்தனை என்று எண்ணுவாரே, அந்த எண்ணிக்கைதான் என் மேசைக்கு வரும், அதை வைத்துத்தான் அவருடைய போனஸை நான் கணக்குப் போடுவேன். மீன் விலை ஏறினாலும் மெனு விலையை ஏற்றும் அதிகாரம் அவருக்கு இருக்காது, அது முதலாளியிடம். ஆகவே போனஸ் பற்றிப் பேசும்போது, போன 12 மாசத்து ஃபுட் காஸ்ட் என்ன, மெனு விலையை யார் வைக்கிறார் என்று கேளுங்கள்.

பேர் வாங்கினால் பணம் வரும்தானே என்று கேட்பீர்கள். நத்தம் பக்கத்திலிருந்து போன விஜய் குமார், நியூயார்க் 'செம்மா' ரெஸ்டாரன்டுக்காக 2025-ல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த விருது ஒரு பதக்கம், ரெஸ்டாரன்ட்களைத் தரம் பார்த்துத் தரும் மிஷெலின் நட்சத்திரத்தோடும் காசோலை வருவதில்லை. அடுத்த சம்பளப் பேச்சில் பலம் கிடைக்கும், அதைப் பேசி வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பங்கு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எதில் பங்கு என்று கேளுங்கள். ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் விற்கிற கடைக்கு லாபம் 4 சதவீதம் நின்றால் 1,20,000. அதில் 5 சதவீதம் உங்களுக்கு என்றால் 6,000 டாலர். விற்பனையில் 5 சதவீதம் என்றால் 1,50,000, லாபத்தை விடவே அதிகம், அதை யாரும் தரமாட்டார்கள். லாபம் என்று எழுதியிருந்தால் கடன் தவணைக்கு முன்னாலா பின்னாலா, முதலாளி தனக்கு எடுக்கிற சம்பளத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் காகிதத்திலேயே எழுதி வாங்குங்கள். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம், மைக் அந்தப் பக்கம் இருக்கிறது.