முற்றம் பார்க்க ஸ்பெயினுக்குப் போக வேண்டுமா? அல்ஹம்ப்ராவில் குடும்பத்தோடு ஒரு நாள்

வணக்கம். கானாடுகாத்தானிலிருந்து பேசுகிறேன். ஸ்பெயினின் கிரனாதா நகரில் ஒரு குன்றின் மேல் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனையின் முற்றத்தைக் காட்டி நான் சென்ற வாரம் பதிவேற்றிய சிறு காட்சிக்குக் கீழே, உங்களில் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு முற்றம் வைத்த வீடுகள் இருக்கும்போது, முற்றம் பார்க்க ஸ்பெயினுக்குப் போக வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முற்றத்தைச் சுற்றி ஓடி வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த இடம் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே இன்றைய பதிவு முழுவதும் அந்த ஒரு நாளைப் பற்றியதுதான்.

கோடை விடுமுறையில், மாலகா நகரில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்கு அப்பச்சி (எங்கள் அப்பா), ஆத்தா (அம்மா), என் கணவர், மகள், நான் என்று எல்லோரும் போயிருந்தோம். அங்கிருந்து கிரனாதா ஏறத்தாழ 125 கிலோமீட்டர். விடியற்காலைப் பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். பிறகு நகரின் நடுவிலிருந்து சி30 என்ற சிறிய பேருந்து குன்றின் மேல் வரை கொண்டுபோய் விடுகிறது. பயணத்தைப் பற்றி இவ்வளவு போதும். நுழைவுச்சீட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அல்ஹம்ப்ராவின் சீட்டில் பார்வையாளரின் பெயர் இருக்கும். கிரனாதாவை ஆண்ட இஸ்லாமிய அரச மரபான நாஸ்ரியர்களின் அரண்மனைகளுக்குள் நுழைய வேண்டிய நேரமும் இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் தோட்டத்தையும் கோட்டையையும் பார்க்கலாமே தவிர, அரண்மனைக்குள் போக முடியாது. நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஆத்தாவின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. நாங்கள் சீட்டு எடுத்த இணையதளம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. புள்ளி வைத்தால் ஏற்கவில்லை, இனிஷியலை மட்டும் போட்டாலும் ஏற்கவில்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு ஒரே பெயரில் வாழ்கிற மக்கள் ஒரு மாநிலம் முழுக்க இருக்கிறோம் என்பது இப்படிப்பட்ட படிவங்களைத் தயாரிப்பவர்களுக்கு எப்போது தெரியப்போகிறது என்று எனக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த காலை பத்து மணிச் சீட்டுகள் அதற்குள் தீர்ந்துவிடுமோ என்ற பதைப்பு வேறு. கடைசியில் தம்பி, ஆத்தாவின் பெயரையே இரண்டு கட்டங்களிலும் எழுதி, பாஸ்போர்ட் எண்ணை மட்டும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பதிந்தான். வாசலில் நின்ற பெண் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்; எண்ணைச் சரிபார்த்தார்; புன்னகையோடு கையைக் காட்டி உள்ளே அனுப்பினார். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் இந்த வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் வேண்டாம், அசல் பாஸ்போர்ட்டையே கையில் வைத்திருங்கள்.

உள்ளே போவோம். 1238-இல் கிரனாதாவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் முகமது இந்தக் குன்றின் மேல் கட்டத் தொடங்கினார். இன்று நாம் வியந்து பார்க்கும் அரண்மனைகளில் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுப், ஐந்தாம் முகமது ஆகியோர் காலத்தில் எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் செம்மண் நிறச் சுவர்கள் மட்டுமே தெரியும். அலங்காரம் என்று சொல்ல ஏதும் இருக்காது. நம் ஊரில் முகப்பிலேயே சுதைச் சிற்பமும் வண்ணக் கண்ணாடியுமாகச் செல்வத்தைத் தெருவுக்குக் காட்டிவிடுவோம். அவர்கள் அத்தனையையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது மிர்ட்டில் முற்றத்தில். நடுவில் ஏறக்குறைய 34 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு குளம். அதன் இரு கரையிலும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட மிர்ட்டில் என்ற நறுமணப் புதர்ச் செடிகள். வடக்கே 45 மீட்டர் உயரமுள்ள கோமாரெஸ் கோபுரம் தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கிறது. எல்லோரும் அந்தப் பிரதிபிம்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து குளத்தின் கோடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். தரையோடு தரையாக ஒரு வட்டப் பளிங்குத் தொட்டி இருக்கிறது. அதன் நடுவே ஊறி எழும் தண்ணீர் உடனே குளத்தில் விழுவதில்லை. தொட்டியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு சிறிய வாய்க்காலில் இறங்கி, வேகம் முழுவதும் அடங்கிய பிறகே குளத்துக்குள் நழுவுகிறது. அதனால்தான் தண்ணீர் வந்துகொண்டே இருந்தும் குளத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுவதில்லை. என் மகள் அந்த வாய்க்காலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்ப எனக்கும் மனம் வரவில்லை.

செட்டிநாட்டில் முற்றம் மழைக்காகக் கட்டப்பட்டது. நான்கு பக்க ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, விழும் நீர் அண்டாக்களில் நிறைந்து, மிச்சம் வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்; ஊருணி வீடியோவில் இதையெல்லாம் காட்டியிருக்கிறேன். அல்ஹம்ப்ராவில் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை. தார்ரோ ஆற்றை மேலே சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவில் மறித்து, அரச வாய்க்கால் என்று ஒன்றை மலைச்சரிவில் வெட்டி, எந்த இயந்திரமும் இல்லாமல் நீர் இறங்கும் வாட்டம் ஒன்றை மட்டுமே நம்பிக் குன்றின் உச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தண்ணீர் அருமைப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள், வீட்டின் நடுவில் தண்ணீருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கோமாரெஸ் கோபுரத்துக்குள் இருக்கும் தூதர் மண்டபத்தில் அப்பச்சி எங்களோடு வர மறுத்துவிட்டார். நீண்ட காலம் மரவாடி நடத்தியவர் அவர் என்பது பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும். அந்தக் கூரையில் 8,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக இழைக்கப்பட்டுள்ளன. ஏழு வானங்களைக் குறிக்கும் அடுக்குகள் அவை என்று சொல்கிறார்கள். ஒரு துண்டு இன்னொன்றில் எப்படிக் கவ்வி நிற்கிறது என்பதைக் கீழிருந்தே கண்டுபிடிக்க முடியுமா என்று அவர் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பர்மாத் தேக்கு கைக்கு வந்தால் நாம் தூணாக நிறுத்துவோம், இவர்கள் பூவாகத் தொடுத்துவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னார்.

சிங்க முற்றத்தை நீங்கள் எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். 12 பளிங்குச் சிங்கங்கள், சுற்றிலும் 124 தூண்கள், தொட்டியின் விளிம்பில் கவிஞர் இப்னு சம்ராக் எழுதிய பாடல். அழகுதான், ஆனால் கூட்டம் தாங்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். தூதர் மண்டபத்துக்குப் போகும் முன்பே, மிர்ட்டில் முற்றத்தின் வடக்குத் தாழ்வாரத்திலேயே சுவரின் அடிப்பகுதியில் ஓட்டு வேலைப்பாடு தொடங்கிவிடுகிறது. பச்சை, நீலம், கருப்பு, தேன் நிறம் என்று மெருகேற்றிய மண் ஓடுகளை உளியால் சிறுசிறு துண்டுகளாக வெட்டிச் சேர்த்த வேலை அது. இன்றும் மொராக்கோவில் இதே தொழிலைச் செய்பவர்கள், துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி அடுக்கி, முதுகில் சாந்தைப் போட்டு, காய்ந்த பிறகே திருப்புகிறார்கள். நம் ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறை வீடியோ நினைவிருக்கிறதா? கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, கல் இறுகிய பிறகுதானே நாமும் கண்ணாடியிலிருந்து பிரிக்கிறோம். இரண்டு ஊர்க் கைவினைஞர்களும் தங்கள் வேலையின் முகத்தைப் பார்க்காமலேயே வேலை செய்கிறார்கள். எனக்கு அந்தச் சுவரின் முன்னால் கண் கலங்கிவிட்டது.

இனி எனக்குச் சற்றும் பிடிக்காததைச் சொல்கிறேன். அரண்மனைகளை ஒட்டியே ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் மாளிகை நிற்கிறது. 1492 ஜனவரி 2 அன்று கடைசி நாஸ்ரிய மன்னர் நகரை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, அவரைத் தோற்கடித்த அரசர்களின் பேரன் 1527-இல் பழைய கட்டடங்களில் ஒரு பகுதியை இடித்து இதைத் தொடங்கினார். வெளியே சதுரம், உள்ளே வட்டமான பெரிய முற்றம். கட்டடக்கலை படித்தவர்கள் இதைப் போற்றுகிறார்கள். எனக்கு அந்த வட்ட முற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பதுதான் கண்ணில் பட்டது. அதைவிட, இது முழுமையடையாமல், 20-ஆம் நூற்றாண்டு வரை கூரையே இல்லாமல் கிடந்தது என்பதை அறிந்தபோது, இதற்காகவா இடித்தார்கள் என்று மனம் ஆறவில்லை.

இந்தக் கோபம் எனக்கு ஊரிலிருந்தே கூட வந்தது. நம் பக்கத்தில் வளவை, அதாவது முற்றம் வைத்த பழைய பெரிய வீட்டைப் பிரித்துத் தூணையும் நிலையையும் லாரியில் ஏற்றி அனுப்பும் காட்சியை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பங்காளிகள் ஒவ்வோர் ஊரிலும் சிதறியிருக்கிறார்கள், பராமரிக்க ஆளும் பணமும் இல்லை என்ற காரணங்களும் எனக்குத் தெரியும். அல்ஹம்ப்ராவும் அப்படிப் பாழாகிக் கிடந்ததுதான். 1812-இல் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையினர் அதன் கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1870-இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1923 முதல் லியோபோல்டோ தோரெஸ் பல்பாஸ் என்ற கட்டடக்கலைஞர் பொறுப்பேற்று நிதானமாகச் சீரமைத்தார். 1984-இல் யுனெஸ்கோ அமைப்பின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் அந்த அமைப்பின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருக்கும்போதே தூண்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

மதியம் கோட்டைக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்து, ஆத்தா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் சீப்புச் சீடையும் சாப்பிட்டோம். அங்கே அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு யூரோ கொடுத்தோம். நம் பணத்தில் ஏறத்தாழ 200 ரூபாய். சற்றுத் தள்ளிக் குடிநீர்க் குழாய் இருந்ததைத் தம்பி கண்டுபிடித்த பிறகு ஒரு காசும் செலவழிக்கவில்லை. காலி பாட்டிலை எடுத்துப் போங்கள்.

ஹெனராலிஃபே தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. மன்னர்கள் ஓய்வெடுக்க வந்த இடம் அது. வாய்க்கால் முற்றத்தில் நீண்ட ஓடையும் இருபுறமும் வளைந்து விழும் நீர்த்தாரைகளும் இருக்கின்றன. அந்தத் தாரைகள் பிற்காலத்தில் வைத்தவை. 1958-இல் அங்கே தீப்பிடித்தபோது அகழ்ந்து பார்த்ததில்தான் பழைய தோட்டத்தின் அமைப்பு தெரியவந்தது. ரோஜாக்கள் பூத்துக் குலுங்கின. அதற்கும் மேலே சியர்ரா நெவாடா மலையில் மே மாதத்திலும் பனி.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நீர்ப் படிக்கட்டு. மரநிழலில் மேலேறும் படிகளின் இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவர்களிலும் ஓடு பதித்த வாய்க்கால் ஓடுகிறது. பிடித்து ஏற வேண்டிய இடத்தில் தண்ணீர். ஆத்தா முழங்கால் வலியை மறந்து, வலது கையை நீரில் நனைத்தபடியே ஒவ்வொரு படியாக ஏறினார். விரல்களில் மோதி நீர் இரண்டாகப் பிரிந்து மறுபடியும் சேர்ந்துகொண்டு இறங்கியது.

நான் எந்த இடத்துக்குப் போனாலும் படிகளைப் பற்றிக் கேட்பீர்கள். நாஸ்ரிய அரண்மனைகளில் படிகள் குறைவு. ஆனால் அங்கிருந்து ஹெனராலிஃபேவுக்கு வேகமாக நடப்பவர்களுக்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரியவர்களோடு போனால் சீட்டில் உள்ள நேரத்துக்கு வெகு முன்பே அரண்மனை வாசலில் இருங்கள், தோட்டத்தைப் பிறகு பாருங்கள், கோட்டைக் கோபுரத்தை விட்டுவிடுங்கள். முழு வீடியோ சனிக்கிழமை வரும். கேமரா முக்காலிக்கு அனுமதி இல்லாததால் எல்லாம் கையில் பிடித்து எடுத்த காட்சிகள்தான், ஆனால் நீர்ப் படிக்கட்டை ஓரிடத்திலும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.