அடித்து எழுதாதீர்கள்

(ஏற்காட்டில் ஒரு ஜனவரி மாலை, வானம் பார்க்க வந்தவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, இந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தொலைநோக்கி வெளியே இருக்கிறது. அதற்கு முன் என் பழைய நோட்டு ஒன்றைக் காட்டிவிடுகிறேன்.

2019 நவம்பர் கடைசி வாரம், சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. மழை விட்டிருந்த இரவு. திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருவாதிரை ஒளிமாறும் விண்மீன்தான். ஆனாலும் பெரும்பாலும் ரோகிணியை விஞ்சியே நிற்கும். அன்று இரண்டும் சமமாகத் தெரிந்தன. ஒளி அளவை 0.9 என்று எழுதினேன்; இந்தக் கணக்கில் எண் கூடினால் ஒளி குறைவு. எழுதியதும் சந்தேகம் வந்துவிட்டது. கீழ்வானத்தில் ஈரம் இருக்கும், மூக்குக் கண்ணாடியில் தூசி இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை அடித்துவிட்டு வழக்கமான 0.5 என்று போட்டேன். இதோ அந்தக் கோடு. கடைசி வரிசைக்கும் தெரியும். அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறேன்.

டிசம்பரில் செய்தி வந்தது, திருவாதிரை மங்குகிறது என்று. 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தையே மறைத்தது என்று பின்னர் விளக்கினார்கள். அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் திருவாதிரைக் களி கிண்டினார்கள். மாடிக்கு மேலே விண்மீன் மங்கிக்கொண்டிருந்தது. என் நோட்டில் மட்டும் அது சௌக்கியமாக இருந்தது.

எண் கூடக்கூட ஒளி குறையும் என்பது புதியவர்களைக் குழப்பும். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை 1856இல் வகுத்த ஆங்கிலேய வானியலாளர் போக்சன், பிறகு சென்னை வான் ஆய்வகத்துக்கே தலைவராக வந்தார். அங்கே அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

எழுத வேண்டியது கொஞ்சம்தான்: நேரம், மதிப்பீடு, ஒளியில் எந்த இரண்டு விண்மீன்களுக்கு நடுவே வைத்து மதிப்பிட்டீர்கள் என்பது, நிலவும் மேகமும். தேதியை ஜூலியன் நாள் எண்ணில், அதாவது நாட்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டே போகும் தொடர் எண்ணில் குறிப்பார்கள். அது கிரீன்விச் நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30க்கு மாறுகிறது. நள்ளிரவில் தேதி மாற்றும் தொல்லை நமக்கு இல்லை. நேற்றைய எண்ணை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் கை அதையே எழுதும்.

வால்வெள்ளி இன்னும் சங்கடம். அது புள்ளியல்ல, பஞ்சுத் திப்பி. அதன் ஒளியை மனத்தில் வாங்கிக்கொண்டு, பைனாகுலரின் குவியத்தைக் கலைத்து, ஒப்பீட்டு விண்மீனை அதே அகலத்துக்கு ஊதிப் பார்க்க வேண்டும். இங்கே லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் போய் நின்றால் சேலத்தின் விளக்கொளி தெற்கு வானத்தைத் தின்றுவிடும். தேடியும் கிடைக்கவில்லையா? அதையும் எழுதுங்கள், எவ்வளவு மங்கலான விண்மீன் வரை தெரிந்தது என்ற குறிப்போடு.

வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் நகர்ந்தது. அங்கே வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 40 அங்குலத் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தார்கள். எதிர்பாராத இடத்தில் சில வினாடிகள் ஒளி சரிந்தது. மேகம், கருவிக் கோளாறு என்று அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. புதிய துணைக்கோள் குறுக்கிட்டிருக்கலாம் என்று எண்ணி அப்படியே வெளியிட்டார்கள். விமானத்தில் தொலைநோக்கி ஏற்றிச் சென்ற அமெரிக்கக் குழுவோ கோளின் இரு பக்கமும் இதே சரிவுகளைக் கண்டது. அவை வளையங்கள்! காவலூர்க்காரர்களின் விளக்கம் தவறிப்போனது, பதிவு தவறவில்லை. யுரேனஸ் வளையங்களின் வரலாற்றில் அந்தச் சரிவுக்கு இன்றும் இடம் உண்டு. என் 0.9க்கு எங்கே இடம்?

மணி ஏழரை ஆகப்போகிறது. கிழக்கே திருவாதிரை ஏறியிருக்கும். நோட்டு, பேனா, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் கொண்டு வந்தவர்கள் அழிப்பானை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.